திருக்கோளூருக்கு நடந்தே போகலாம்

நவதிருப்பதி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருநெல்வேலியிலிருந்து காலையில் கிளம்பும் வேன்தான். தாமிரபரணிக் கரையோரத்து ஒன்பது பெருமாள் கோயில்களும் ஒரே நாளில். நடை சாத்துவதற்குள் ஓடிப்போய்த் தீர்த்தம், சடாரி, மறுபடி வண்டி. முழங்கால் வலிக்காரர்களுக்கு வேறு வழியில்லை என்பது சரி. நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்பதையும் ஒரே நாளில் எட்டிப் பிடிக்க வேண்டாம். ரயிலில் வந்து ஆழ்வார்திருநகரியில் இறங்கி, அங்கிருந்து திருக்கோளூருக்கு நடந்து போங்கள். இரண்டுமே அந்த ஒன்பதில் உள்ளவை. மூன்று கிலோமீட்டர்தான்.

நானும் சித்தியும் தை மாதத்தில் போனோம். திருநெல்வேலி–திருச்செந்தூர் பாசஞ்சரில் பாதிக் கூட்டம் முருகனுக்கு மாலை போட்டவர்கள், பச்சை வேட்டியில். 1923-ல் போட்ட பாதை இது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம் கடந்து ஸ்ரீவைகுண்டம் வந்ததும் பெட்டியில் எல்லாரும் 2023 டிசம்பர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியெல்லாம் அரித்துப் போக, சென்னை போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் சோறு தண்ணீருக்குத் தவித்தார்கள். அடுத்த ஸ்டேஷன் நாங்கள் இறங்க வேண்டியது.

ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர் திருக்குருகூர். ஆதிநாதரைச் சேவித்துவிட்டு எல்லாரும் போய் நிற்பது உறங்காப்புளி முன்னால்தான். நம்மாழ்வார் பதினாறு வருஷம் பேசாமல் இருந்த மரம். அவரைப் பேச வைத்த மதுரகவியாழ்வார் கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், சிலிர்ப்பும் வரும். அவருடைய சொந்த ஊர் திருக்கோளூர். வடக்கே அயோத்திக்குப் போனவர், தெற்கே தெரிந்த ஒரு ஒளியைப் பார்த்துக்கொண்டே நடந்து நடந்து வருகிறார். ஒளி வந்து நின்ற இடம் அவர் ஊருக்குப் பக்கத்து ஊர்! "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று அவர் கேட்டதும், "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பதில் வந்ததும் இந்த மரத்தடியில்தான். உயிரில்லாத உடம்புக்குள் வந்த உயிர் எதை அனுபவித்து எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி; அந்த உடம்பையே அனுபவித்து அங்கேயே இருக்கும் என்பது பதில்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று இருந்தது. "ஆட்டோ பிடிக்கலாமா சித்தி?" என்றேன்.

"அவ நடந்துதானே போனா, உனக்கென்ன வந்துச்சு?"

சித்தி சொன்ன 'அவள்' திருவாய்மொழியில் வருகிற பெண். திருக்கோளூர்ப் பாசுரங்களில் நம்மாழ்வார் ஒரு தாயாகி அழுகிறார். "உண்ணுஞ்சோறு பருகுநீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்" என்று கிடந்த மகள், ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். எங்கே போயிருப்பாள் என்பதில் தாய்க்குச் சந்தேகமே இல்லை. போய்ச் சேருவாளா என்பதுதான் கவலை. "ஒல்கி ஒல்கி நடந்து எங்ஙனே புகுங்கொல்" என்ற வரியைச் சித்தி சாலையில் நடந்துகொண்டே சொன்னபோது, அவருக்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். கால் வலிக்கும்போது கேட்டால் அது வேறு பாட்டு.

வழியெல்லாம் வாழைத் தோட்டம், நடுநடுவே பிசான நெல் கதிர் வாங்கி நின்றது. தாமிரபரணித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற சத்தம் பல இடங்களில் கூடவே வரும். ஆழ்வார் 'தண்பழனத் திருக்கோளூர்' என்று பாடியது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. மடை திறந்துகொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "நடந்தா போறிய? வண்டி கெடைக்கலயா?"

"வேணும்னுதான் அண்ணாச்சி நடக்கோம்," என்றார் சித்தி. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள், நெல் அளக்கிற மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். குபேரன் இழந்த நவநிதியும் வந்து அடைக்கலம் புகுந்த இடம். அளந்து கொடுத்த களைப்பு. செவ்வாய் தோஷத்துக்கு விளக்குப் போட வந்த கூட்டம் போனபின், சந்நிதியில் நெடுநேரம் நிற்க முடிந்தது.

இந்த ஊருக்குள் ராமானுஜர் நுழையும்போது ஒரு பெண் மூட்டையோடு வெளியேறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் புகுகிற ஊரிலிருந்து நீ கிளம்புவானேன் என்று கேட்டார். "அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே" என்று தொடங்கி, எண்பத்தொரு பேரைச் சொல்லி, அவர்களைப் போல எதுவும் செய்யாத நான் இங்கே இருந்தென்ன என்றாள். முயல் புழுக்கை வயலில் கிடந்தால் என்ன, வரப்பில் கிடந்தால் என்ன என்பது அவள் கேள்வி. வயலும் வரப்புமாகப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அது யாரோ சொன்ன உவமையாகவே தோன்றவில்லை. ராமானுஜர் அவளைத் திரும்ப அழைத்துப்போய் அவள் வீட்டிலேயே அமுது செய்தார்.

தெம்பு மிச்சமிருந்தால் இன்னும் மூன்று கிலோமீட்டரில் தென்திருப்பேரை. மகரநெடுங்குழைக்காதர் சந்நிதியில் கருடன் நேர் எதிரே இல்லாமல் சற்று ஒதுங்கி நிற்பார். பிள்ளைகள் விளையாடுவது பெருமாள் கண்ணில் படட்டும் என்பதற்காகவாம். அந்த ஊர் திருச்செந்தூர் சாலையிலேயே இருப்பதால் திரும்புவதற்கு பஸ் உண்டு. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். வழியில் நிழல் குறைவு. சித்திரை, வைகாசியில் குடை இல்லாமல் நடக்க வேண்டாம்.