தமிழ் எழுத்துப் பிரிப்பானைப் பைத்தானோடு இணைத்தபோது

யாப்புப் பயிற்சிக்காக, சொற்களைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் சிறிய நிரல் ஒன்றைச் சி++ மொழியில் எழுதி வைத்திருந்தேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கோ' என்பது 'க' என்னும் எழுத்தும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள் ஆதலால், பைத்தானில் அதன் நீளத்தைக் கேட்டால் 2 என்று வரும். ஒருங்குறியைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் அதுவே 6 பைட்டுகள். அதை ஓர் எழுத்தாக எண்ணித் தரும் என் நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டும் என்பதே இம்முயற்சியின் நோக்கம்.

சி மொழி நூலகங்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் கருவியான சிடைப்ஸை (ctypes) முதலில் எடுத்தேன்; அது 2006 முதல் பைத்தானுடனேயே வருகிறது. சி++ தன் செயற்கூறுகளின் பெயர்களை மாற்றிவிடும் என்பதால், அவற்றுக்குச் சி மொழிப் பாணியில் ஓர் உறை எழுதினேன். முதல் அழைப்பிலேயே நிரல் சரிந்தது. திரும்பி வரும் மதிப்பின் வகையை நாம் அறிவிக்காவிட்டால், சிடைப்ஸ் அதை 32 பிட் முழு எண்ணாகக் கொள்கிறது. என் செயற்கூறு தருவதோ சுட்டி, அதாவது உரை இருக்கும் இடத்தின் 64 பிட் நினைவக முகவரி; அதன் மேற்பாதி அங்கேயே போய்விடுகிறது. வகையை எழுத்துச் சுட்டி என்று அறிவித்ததும் விடை சரியாக வந்தது. ஆனால் பெரிய கோப்பைக் கொடுத்தபோது நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த வகையை அறிவித்தால் சிடைப்ஸ் உரையைப் பைட்டுகளாகப் படியெடுத்துத் தந்துவிடுகிறது, மூலச் சுட்டி நம் கைக்கு வருவதில்லை, அதனால் அந்த நினைவகத்தை விடுவிக்கவும் வழியில்லை என்பது இரண்டு மாலைகள் தேடிய பிறகே எனக்குப் புரிந்தது. வெறும் சுட்டியாகப் பெற்று, உரையைப் படித்த பின் நானே விடுவித்தபோது கசிவு நின்றது.

வேறு இணைப்புக் கருவிகளையும் பார்த்தேன். டேவிட் பீஸ்லி 1996இல் வெளியிட்ட ஸ்விக் (SWIG), ஒரே நூலகத்தைப் பல மொழிகளுக்குத் தர வேண்டியவர்களுக்கு ஏற்றது. எனக்குப் பைத்தான் மட்டும் போதும். சிஎஃப்எஃப்ஐ (CFFI), சி அறிவிப்புகளை அப்படியே ஏற்கும் அழகான கருவி. என் நிரல் தூய சி மொழியில் இருந்திருந்தால் அதோடு நின்றிருப்பேன்.

வென்சல் ஜேக்கப் 2015இல் தொடங்கிய பைபைண்ட்11 (pybind11), சி++ நிரலைப் பைத்தானோடு இணைக்கும் நூலகம்; நிரலின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகளால் மட்டுமே ஆனது. பத்து வரிகளுக்குள் இணைப்பு முடிந்தது. எழுத்துகளின் வெக்டர் (சி++ மொழியின் பட்டியல் வகை) பைத்தான் பட்டியலாகவே வந்தது. இம்மாற்றத்துக்குரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தால், தொகுக்கும்போது அன்றி, ஓடும்போதுதான் பிழை தெரியும். பைபைண்ட்11 உரையை யுடிஎஃப்-8 ஆகவே வாசிப்பதால், ஒரு குறியின் 3 பைட்டுகளுக்கு நடுவே என் நிரல் வெட்டிய இடம் உடனே பிழையாக வெளிப்பட்டது. சிடைப்ஸ் வெறும் பைட்டுகளைத் தந்தபோது அதே தவறு கண்ணில் படவே இல்லை. இதற்காகவே பைபைண்ட்11ஐத் தேர்ந்தேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை பைத்தானிலிருந்து சி++க்கு எல்லை தாண்டுவதை விட்டு, முழு உரையையும் ஒரே அழைப்பில் அனுப்பியதும் வேகம் கண்கூடாகக் கூடியது. பைத்தான் 3.11க்குத் தொகுத்த கோப்பு 3.12இல் ஏறவில்லை, இப்போது பதிப்புக்கு ஒரு கோப்பாகத் தொகுத்து வருகிறேன்.