வியட்நாமியக் கணித நூலை மொழிபெயர்க்க ஆள் தேடுகிறீர்களா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறேன். வியட்நாமியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மாற்ற ஆள் சுலபமாகக் கிடைக்கும். புள்ளியியல் நூல் என்றால் கதையே வேறு.

மொழி படித்தவரைவிடக் கணிதம் படித்தவரிடம் கொடுப்பதே நல்லது என்பேன். ஆங்கிலம் தடுமாறினால் திருத்திக்கொள்ளலாம். நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்திருந்தால் இன்னொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு) புரியாமல் எழுதியதை என்ன செய்வது? அதனால், இங்கே கணிதத்தில் மேற்படிப்புப் படிக்கும் வியட்நாம் மாணவர்களைத்தான் முதலில் விசாரிப்பேன்.

எல்லோருக்கும் ஒரு பக்கம் மாதிரிக்குக் கொடுப்பேன், கூலியோடுதான். அதில் கட்டாயம் ஓர் அட்டவணை இருக்கும். வியட்நாமில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. அங்கே 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது, நம்முடைய 0.05 அங்கே 0,05. அப்படியே விட்டுவிட்டால் அட்டவணை மொத்தமும் பாழ். நல்ல ஆள் கேட்காமலே மாற்றித் தருவார், வரைபடத்தின் அச்சில் உள்ள எண்கள் உட்பட.

அப்புறம், சம்பளம். பக்கம் முழுக்கச் சமன்பாடு இருக்கும்போது சொல்லுக்கு இத்தனை காசு என்று பேசுவது அநியாயம். பக்கக் கணக்கில் பேசுங்கள், சமன்பாடுகளை அச்சுக்கு அமைக்கும் மென்பொருளான லேட்டெக்கில் தட்டச்சு செய்வதற்குத் தனியாகக் கொடுங்கள்.