நரி என்ற சொல்லே இல்லாத நரிக்கதை

சின்னப் பிள்ளைகளுக்கு எந்தச் சிரிப்புப் படக்கதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாத சப்பைக் கதையாகத் தெரிகிறதா? கையை எடுத்ததும் சிரிப்பு வருகிறதா? அப்படியானால் வாங்குங்கள். எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்ட, அந்த இடைவெளியில்தான் ஆறேழு வயதின் சிரிப்பு இருக்கிறது.

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-இல் வந்த 'ரோசிஸ் வாக்' புத்தகத்தை வகுப்பில் எத்தனை தடவை எடுத்தாலும் எனக்கு அலுக்காது. ரோசி என்ற கோழி உலாவக் கிளம்புகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில், வேலி, தேனீப் பெட்டிகள் எல்லாம் தாண்டிச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். படத்திலோ கோழிக்குப் பின்னால் ஒரு நரி. பாய்கிறது, தோட்டத்தில் சருகு வாரும் பல்வாரியை மிதித்து, அதன் காம்பால் மூஞ்சியில் அறை வாங்குகிறது. குளத்தில் விழுகிறது. மாவு மூட்டை மேலே கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. எழுத்தில் நரியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

பெரியவர்களின் கண் எழுத்தில் ஓடும். இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண் படத்திலேயே நிற்கும். அதனால் நரியை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளைதான். "டீச்சர், பின்னாடி! பின்னாடி பாருங்க!" நான் எதுவும் கேட்காத மாதிரி அதே குரலில் அடுத்த வரிக்குப் போவேன். அவ்வளவுதான், வகுப்பே எழுந்து நின்றுவிடும். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை அந்த நிமிஷத்தில் எனக்கே விஷயம் சொல்லித் தருகிற ஆள். இந்தப் புத்தகங்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

பக்கம் திருப்புவதும் ஒரு கலை. பெரும்பாலான படக்கதைகள் 32 பக்கம். பெரிய அச்சுத்தாளை மடித்தால் எட்டு, பதினாறு என்று பக்கங்கள் அமைவதால் வந்த கணக்கு. 'யானை அலமாரியைத் திறந்தது' என்பது வலப்பக்கத்தின் அடியில் முடிய வேண்டும். உள்ளே என்ன என்பதைத் தாள் மறைத்திருக்க வேண்டும். தாளின் ஓரத்தைப் பிடித்தபடி, "என்ன இருக்கும்?" என்று கேட்டு நிறுத்துவேன். ஆளுக்கொன்று கத்துவார்கள், சில பதில்கள் ஓவியர் வரைந்ததைவிட நன்றாகவே இருக்கும். கேள்வியும் விடையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகியிருந்தால் இது அத்தனையும் போச்சு. பக்கங்களைச் சுருக்கும்போது பதிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?

இந்த வயதுக்கு எது வேடிக்கை என்றால், இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒழுங்கு தலைகீழாவது. செருப்பு காலுக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கொம்பில் செருப்பு மாட்டிய மாடு சிரிப்பு. அந்த மாடு பல்லைக் காட்டி இளித்தால் சிரிப்பு பாதியாகிவிடும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பியிருக்க வேண்டும். நல்ல ஓவியருக்கு இரண்டு புள்ளி போதும் அதற்கு.

என் கோபமெல்லாம் கடைசிப் பக்கத்தின் மேல்தான். அதுவரை குதித்துக்கொண்டிருந்த கதை, திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு 'இனிமேல் பொருட்களை அதனதன் இடத்தில் வைப்போம்' என்று பாடம் நடத்தும். சிரித்த பிள்ளையின் முகம் சட்டென்று பள்ளிக்கூட முகமாவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். மாடு அங்கேயும் திருந்தாமல் செருப்போடு நின்றால், அந்தப் புத்தகம் என் வகுப்புக்கு வந்துவிடும்.