ஊர்க் கணினி மையம்: பதின்மூன்றாம் மாதத்திலிருந்து திட்டம் போடுங்கள்

கிராமத்துக்கு இணைய வசதியோடு ஒரு கணினிப் பயிற்சி மையம் வேண்டும் என்று எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே எண்ணிக்கை வந்துவிடும். பத்துக் கணினி, ஒரு பிரிண்டர், ஓர் இணைய இணைப்பு, திறப்பு விழா. நிதி தருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கணினி போதவில்லை என்று எந்த மையமும் மூடியதில்லை. மின்கட்டணம் கட்ட வழியில்லை, சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு டவுனில் வேலை கிடைத்துவிட்டது, பேட்டரி செத்துப்போனபோது மாற்றப் பணம் ஒதுக்கவில்லை: கதவு பூட்டப்படுவது இப்படித்தான். நன்கொடை பெரும்பாலும் 12 மாதம் வரும். அதனால் பதின்மூன்றாம் மாதத்தின் செலவுக் கணக்கை முதலில் எழுதுங்கள். வாடகை, மின்சாரம், இணையம், இருவரின் சம்பளம், பழுது. அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று எழுத முடிந்த பிறகு கணினி எத்தனை என்று யோசிக்கலாம்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய பாடங்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் அன்றைய கடல் அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகை இறக்கலாமா வேண்டாமா என்று கரையில் நிற்பவருக்குக் கணினியைத் தொடாமலே பயன் கிடைத்தது. 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பை வைத்து ஊருக்கு ஊர் இணையக் குடில்கள் வந்தன. அவற்றை நடத்தியவர்கள் உள்ளூர்த் தொழில்முனைவோர். மாத வருமானம் செலவைத் தாங்காததால் பல குடில்கள் சில ஆண்டுகளிலேயே மூடின. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேட்கவேண்டிய கேள்வி புரியும்: இந்த ஊரில் யாருக்கு, எந்த நாளில், எந்தத் தகவல் கிடைக்காமல் ஒரு நாள் கூலி போகிறது? இதை ஐம்பது வீடுகளில் கேட்டு எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இடம் அடுத்தது. வாடகை இல்லை என்பதற்காக ஒருவர் வீட்டுத் திண்ணையையோ மாடியையோ எடுக்க வேண்டாம். அந்த வீட்டோடு பேச்சு இல்லாதவர்கள் வரமாட்டார்கள். ஊர்த்தெருவின் நடுவில் வைத்தால் காலனிக்காரர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை என்று நாம் சொல்வதால் தயக்கம் போய்விடாது. எல்லோரும் ஏற்கெனவே தடையில்லாமல் வந்துபோகும் வழி எது என்று பாருங்கள்: ரேஷன் கடை, பள்ளி, பஸ் நிறுத்தம். பஞ்சாயத்துக் கட்டடம் என்றால், எல்லாச் சாதியினரும் உள்ளே வந்து உட்காரலாம், பெண்கள் எந்த நாளிலும் வரலாம் என்பதைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். சாவி யாரிடம் இருக்கும் என்பதும் அதே தீர்மானத்தில் வரட்டும்.

பத்து இருக்கைக்கு 20க்கு 15 அடி அறை போதும். ஒரு ஆளுக்கு மூன்றடி மேசை. மேசைகளைச் சுவரை ஒட்டிப் ‘ப’ வடிவில் போட்டால் நடுவில் நிற்பவருக்குப் பத்துத் திரையும் தெரியும். வரிசையாகப் போட்டால் பயிற்றுநர் முதல் வரிசையோடு நின்றுவிடுவார், கடைசி வரிசையில் இருப்பவர் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேபிளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிவிசி குழாய்க்குள் கொண்டுபோங்கள். எலி கடிப்பதும் மழைத்தண்ணீர் உள்ளே வருவதும் தரையோரத்தில்தான்.

மின்சாரத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் ஓசையில்லாமல் போகிறது. பழைய டவர் கணினி ஒன்று மானிட்டரோடு சேர்த்து சுமார் 90 வாட் எடுக்கும். உள்ளங்கையகல மினி கணினி மானிட்டரோடு 45 வாட். பத்து மினி கணினி 450 வாட், ரவுட்டரும், இணைப்பைப் பத்துக் கணினிக்கும் பிரிக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் 30, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு 60, விளக்கு 40. மொத்தம் 580 வாட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 680 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு வைத்தால் காகிதத்தில் 3,600 வாட்-மணி. அதில் 60 சதவீதத்தைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக மூன்று மணி நேரம். இதே பேட்டரியில் பத்து டவர் கணினியை ஓட்டினால் ஒன்றே முக்கால் மணியில் பீப் சத்தம் கேட்கும். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் மினி கணினிக்கு 116 யூனிட், டவருக்கு 206 யூனிட். தமிழ்நாட்டில் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் இரண்டு மடங்காகவே கையில் வைத்திருக்க வேண்டும். டவர் கணினி இலவசமாகக் கிடைத்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது. அச்சடிக்கும் முன் அதன் உள்ளே உருளை சூடாகும்போது ஒரு நொடியில் 800 வாட்டுக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகிப் பத்துக் கணினியும் ஒன்றாக அணையும். இங்க் டேங்க் பிரிண்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டு வாரம் சும்மா கிடந்தால் அதன் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு கலர் பக்கம் அச்சடிப்பதை யாராவது ஒருவரின் வேலையாக எழுதி வையுங்கள்.

எர்த்தை எலெக்ட்ரீஷியன் சொல்லும் வார்த்தையோடு விடாதீர்கள். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, அதற்கு மேல் என்றால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். கோடையில் மண் காய்ந்துபோகும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மாறும். எர்த் இல்லாத கணினிப் பெட்டியின் இரும்பில் கைபட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத அளவாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக மவுஸைப் பிடிக்க வந்த ஐம்பது வயது அம்மாவுக்கு அது நேர்ந்தால் மறுநாள் அவர் வரமாட்டார், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.

இணைய இணைப்புக்கு ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) இருந்தால் ஃபைபர்தான். மத்திய அரசின் கிராம ஃபைபர் திட்டமான பாரத்நெட்டின் கம்பி பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்திருக்கும் ஊர்களில், கம்பி வந்திருப்பது வேறு, அதில் இணைப்பு உயிரோடு இருப்பது வேறு. ஒரு வாரம் தினமும் மூன்று வேளை வேகத்தை அளந்து பார்த்துவிட்டு நம்புங்கள். பத்துக் கணினிக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம். இணைப்புத் தந்த நாளில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்கு வரும் ஒளியின் அளவைக் கேட்டு அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அது டிபிஎம் என்ற அலகில் வரும், மைனஸ் எண் பெரிதானால் ஒளி மங்குகிறது என்று பொருள். மைனஸ் 20 டிபிஎம் என்று இருந்தது மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். கம்பி எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது இணைப்புப் பெட்டியில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற பதிலோடு திருப்பி அனுப்ப முடியாது. பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு கொடுப்பதென்றால் செம்புக் கம்பியான லேன் கேபிளை வெளியே இழுக்க வேண்டாம். ஐப்பசி இடியில் ஸ்விட்ச்சின் எல்லாப் போர்ட்டும் கருகிப்போகும். ஃபைபரோ வயர்லெஸ்ஸோ போதும். அவசரத்துக்கு ஒரு 4ஜி டாங்கிள்.

மையத்துக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் வைப்பது நல்ல முதலீடு. பழைய கணினி ஒன்றில் ஒரு டெராபைட் டிஸ்க் போட்டு, இணையமில்லாமல் தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும், தமிழ்நாடு பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளையும் ஏற்றிவிட்டால் இணையம் அறுந்த நாளிலும் வகுப்பு நடக்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 சிப் உள்ள கணினிகள் இப்போது மலிவாகச் சந்தைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றினால் இவை இன்னும் ஐந்து வருடம் நன்றாக ஓடும். ஆனால் ஒன்றிரண்டு கணினியில் விண்டோஸ் 11 இருக்கட்டும். கைரேகைக் கருவிகளும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் பல நேரம் அதைத்தான் கேட்கின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகள் எதிர்கொள்ளப்போவதும் அதைத்தான்.

பழைய கணினி வாங்கும்போது மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரியை உடனே மாற்றுங்கள். அது செத்துப்போனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகும். தேதி தவறாக இருந்தால் வங்கி, அரசு என எந்தத் தளமும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மறுக்கும். இணையம் போய்விட்டது என்று நினைத்து எல்லோரும் ரவுட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இருபது, முப்பது ரூபாய் பேட்டரி.

பயிற்சிக்கு வருவோம். பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017இல் வந்தபோது பாடநேரம் 20 மணி என்று வைத்தார்கள். கைபேசி பழகியவர்களுக்கு அது போதலாம். விசைப்பலகையே பார்க்காதவர்களுக்குப் போதாது. தினம் ஒன்றரை மணி நேரம், 24 நாள், மொத்தம் 36 மணி என்று வையுங்கள். முதல் வாரம் ஒரு கணினிக்கு ஒருவர்தான். இருவரை உட்கார வைத்தால் வேகமானவர் கையில் மவுஸ் போய்விடும், மற்றவர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்குவார். பெண்களுக்குப் பகல் 11 முதல் 3 வரை, மாணவர்களுக்கு மாலை 5க்கு மேல் என்பது பல ஊர்களுக்குப் பொருந்தும். மீனவர் ஊரில் வேறு நேரம், அவர்களிடமே கேளுங்கள்.

தட்டச்சைத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தொடங்குங்கள். ஆங்கில எழுத்தே தெரியாதவரிடம், தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையைக் கொடுத்தால் இரண்டு மொழியில் தடுமாறுவார். தமிழ்99இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க நான்கு விசை: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ந-த போல மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. திரையில் அந்தப் புள்ளி தானே வந்து உட்காரும்போது முகம் மலர்வதைப் பார்க்கலாம். இரண்டாம் நாளே அவரவர் பெயரை அடித்து, அச்செடுத்து, கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாம் வாரத்தில் உண்மையான விண்ணப்பங்களுக்கு வந்துவிட வேண்டும். தேர்வு விண்ணப்பங்களில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி என்று கேட்பது வழக்கம். கைபேசியில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். அதைச் சுருக்கத் தெரியாமல்தான் பிள்ளைகள் டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும், அந்தப் பஸ் காசு வருடம் முழுக்க மிஞ்சும்.

கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு இணையம் தருகிறீர்கள் என்றால் 2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகளைப் படியுங்கள். பதிவு செய்யவேண்டும், வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்கவேண்டும், பயன்பாட்டுப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்கவேண்டும், இருக்கைகளுக்கு நடுவில் வைக்கும் தடுப்பின் உயரம் நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது டவுன்லோடு கோப்புறை. ஒரு மாதத்தில் அதில் ஊரின் பாதி ஆதார் நகல் கிடக்கும். விருந்தினர் கணக்கில் மட்டும் திறக்கவிட்டு, வெளியேறியதும் எல்லாம் அழியும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

ஆள் விஷயத்தில் ஒரே ஒரு விதி: இருவர். ஒருவர் ஆறேழு மாதத்தில் போகத்தான் செய்வார், போகவேண்டும் என்றுதான் நாமும் பயிற்சி தருகிறோம். இருவரில் ஒருவராவது அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணாக இருந்தால் மையம் நிலைக்க வாய்ப்பு அதிகம். கடவுச்சொற்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, பஞ்சாயத்து அலமாரியில் வையுங்கள். சம்பளத்தை வருமானப் பங்காக மட்டும் வைக்காமல் ஒரு அடிப்படைத் தொகையை உறுதி செய்யுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் முன்பே அறிவிக்கப்படும். அன்று வகுப்பு வைக்காமல் தூசி தட்டுவது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, வராமல் நின்றுபோனவர்களின் வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொள்ளலாம். உதிரிப்பெட்டியையும் அன்று சரிபாருங்கள்: மவுஸ் மூன்று, கீபோர்டு இரண்டு, மினி கணினிக்கான அடாப்டர் ஒன்று, எஸ்எஸ்டி ஒன்று, லேன் கேபிளுக்கான ஆர்ஜே-45 முனை இருபது, அதைப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, நாணய பேட்டரி ஐந்து.

வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், வந்த வேலை என்று மூன்று கட்டம் எல்லோரும் போடுவார்கள். நான்காவதாக ஒன்று போடுங்கள்: முடியாமல் திரும்பியிருந்தால் ஏன். மூன்று மாதத்தில் அந்தக் கட்டம் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். ‘ஓடிபி வரவில்லை’ என்று இருபது இடத்தில் இருந்தால் பதினோராவது கணினி தேவையில்லை. அவர்கள் ஆதாரில் இருப்பது பழைய எண், அல்லது மகன் வெளியூருக்குக் கொண்டுபோன எண். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வழியாக ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றித் தருகிறார்கள். ஊர் தபால்காரரிடம் பேசி, அந்த இருபது பேரையும் ஒரே நாளில் மையத்துக்கு வரச்சொல்லுங்கள்.