காத்திருக்காத சரக்கு

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டிய தெருக்களில் வண்ண மீன் மொத்த வியாபாரிகள் பலர் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை எனப் பல கடல்களின் மீன்கள் இங்கே இறங்கி, ஓரிரு நாள் தொட்டியில் தேறிய பிறகு வேறு ஊர்க் கடைகளுக்குப் போகும். அப்படி ஒரு கிடங்கில் இறக்குமதிக் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மீனைத் தொடுவதைவிட இன்வாய்ஸைத் தொடுவதுதான் அதிகம்.

2025 ஏப்ரல் வரை அந்தக் கணக்கில் சுங்க வரி என்ற கட்டத்துக்கு வேலையே இல்லை. உயிருள்ள அலங்கார மீனுக்கு அமெரிக்காவில் வரி பூஜ்யம். எங்களைப் படுத்தியதெல்லாம் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறைக்குத் தரவேண்டிய 3-177 என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவம்தான். அதில் சொன்னது பெட்டிக்குள் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

ஏப்ரல் 2 அன்று அதிபர் டிரம்ப்பின் நாடுவாரியான வரிப் பட்டியல் வந்தது. இலங்கைக்கு 44 விழுக்காடு, இந்தோனேசியாவுக்கு 32, பிலிப்பைன்ஸுக்கு 17. மூன்று நாள் கழித்து அநேகமாக எல்லா நாடுகளுக்கும் 10 விழுக்காடு வரி அமலுக்கு வந்தது. நாடுவாரி விகிதங்கள் ஏப்ரல் 9 அன்று அமலுக்கு வந்து, அன்றைக்கே 90 நாளுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. செய்தி படிப்பவர்களுக்கு அது வேடிக்கை. எங்களுக்கு அந்த வாரத்தில் கொழும்பிலிருந்து ஒரு சரக்கு கிளம்ப வேண்டியிருந்தது.

அங்கே ஏற்றுமதியைக் கவனிக்கும் அண்ணையிடம், "ஒரு வாரம் தள்ளிப்போடலாமா?" என்று கேட்டேன். "தம்பி, மீனுக்குச் சாப்பாட்டை நிப்பாட்டியாச்சு. இனி தள்ளிப்போடேலாது" என்றார். பயணத்துக்கு முன் மீனைப் பட்டினி போடுவது வழக்கம். வயிற்றில் எதுவும் இருந்தால் பைக்குள் கழிவு சேர்ந்து, அம்மோனியா ஏறி, தண்ணீர் கெட்டுவிடும். பிறகு கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் ஆக்சிஜன் என்று பையைக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து விமானம் ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஏறி இறங்கி வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

வரியைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். பக்கத்துக் கட்டடத்தில் பம்பும் தொட்டி விளக்கும் இறக்குமதி செய்பவருக்கு எங்களைவிடப் பெரிய அடி. சீனப் பொருளுக்கு ஏப்ரலில் 145 விழுக்காடு வரை போய், மே மாதத்தில் 30க்கு இறங்கியது. ஆனாலும் அவர் முன்கூட்டியே வாங்கிக் கிடங்கை நிரப்பிக்கொண்டார், விகிதம் இறங்கும்வரை அடுத்த ஆர்டரை நிறுத்தியும் வைத்தார். மீன் வியாபாரத்தில் இந்த இரண்டுமே முடியாது. ஆறு மாதச் சரக்கை வாங்கி வைத்தால் ஆறு மாதம் தீனி, மின்சாரம், நோய், சாவு. அப்புறம் லாபம் எங்கே?

சரி, 20 விழுக்காடு வரி என்றால் மீன் விலை 20 விழுக்காடு ஏறுமா? ஏறாது. அமெரிக்கச் சுங்கம் பொருளின் விலை மீதுதான் வரி போடுகிறது. பன்னாட்டு விமானக் கட்டணம் அதில் சேராது. எங்கள் தொழிலிலோ பாதிச் செலவு தண்ணீரைப் பறக்க வைப்பதற்குத்தான். ஒரு பெட்டியில் 100 டாலர் மீன், அதற்கு விமானக் கட்டணம் 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 20 டாலர். 220 டாலரில் முடிந்தது 240 ஆகிறது. ஒன்பது விழுக்காடு ஏற்றம். அதே பெட்டியில் 1,000 டாலர் மதிப்புள்ள அரிய மீன்கள் வந்தால் 1,120 என்பது 1,320 ஆகும், பதினெட்டு விழுக்காடு. மலிவான மீனை விமானக் கட்டணம் அழுத்துகிறது, விலையுயர்ந்த மீனை வரி அழுத்துகிறது. எங்கள் முதலாளிக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான், எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் விலையேற்றும் யோசனையைக் கைவிட்டார்.

செத்து வரும் மீனும் இருக்கிறதே! இன்வாய்ஸில் உள்ள விலைக்குத்தான் வரி கணக்காகிறது. பையைப் பிரித்து எண்ணும்போதுதான் எத்தனை போயிற்று என்று தெரியும். மீன் விலையை அனுப்பியவர் அடுத்த பில்லில் கழித்துக் கொடுப்பார். வரியை யார் கழிப்பார்கள்? சுங்கத்திடம் திரும்பக் கேட்கலாமா என்று எங்கள் சுங்கப் புரோக்கரிடம் விசாரித்தேன். அவருடைய கட்டணத்தைச் சொன்னார். பேச்சை விட்டுவிட்டேன்.

2025 ஆகஸ்டில் புது விகிதங்கள் வந்தன. இலங்கை 20, இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் 19. இந்தியாவுக்கு 25 என்று தொடங்கி, 27ஆம் தேதி முதல் 50. எனக்கு இதில் உறுத்தியது 'மிஸ் கேரளா'. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய, சிவப்புக் கோடு போட்ட அழகான மீன். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. இதே மீனைத் தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளிலும் பெருக்குகிறார்கள். வரி பிறப்பிடத்தைப் பார்ப்பதால், அப்போது சொந்த நாட்டிலிருந்து வந்தால் 50, இந்தோனேசியப் பண்ணையிலிருந்து வந்தால் 19 என்று இருந்தது. ஆற்று மீனைப் பிடிப்பது குறைந்தால் நல்லதுதானே என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். பாதி உண்மை. இந்தியாவிலேயே பண்ணை வைத்து வளர்ப்பவருக்கும் அன்று அதே 50தானே!

உள்நாட்டில் வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில், தாம்பா பக்கம், பண்ணைகள் நிறையவே இருக்கின்றன. மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் அங்கே பெருகும். ஆனால் 2010 ஜனவரிக் குளிரில் அந்தக் குளங்களில் பெரும் சேதம் ஏற்பட்டது. கடல் மீன்களோ பெரும்பாலும் இன்னமும் கடலில் பிடிக்கப்படுபவைதான். ஹவாயின் மஞ்சள் டாங் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மேற்கு ஹவாயில் அதைப் பிடிப்பது நின்றபோது ஏறிய விலையோடு ஒப்பிட்டால், இந்த வரி ஏற்றமெல்லாம் சின்னதுதான்.

இப்போது எங்கள் ஆர்டர் தாள் சுருங்கிவிட்டது. வேகமாக விற்கும் கோமாளி மீன், டாம்சல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பணக்கார வாடிக்கையாளர் கேட்கும் ஏஞ்சல் மீனும் வருகிறது. அவர் விலை பார்ப்பதில்லை. நடுவிலிருந்தவைதான் போயின. முப்பது, நாற்பது டாலருக்குக் கடையில் விற்று, மீன் வளர்ப்பில் முற்றியவர்கள் தேடி வந்து வாங்கிப்போன விசித்திரமான சிறு மீன்கள். முன்பெல்லாம் பெட்டியில் இடம் மிஞ்சினால், "ரெண்டு பை புதுசா போட்டு அனுப்பட்டே, தம்பி?" என்று கொழும்பு அண்ணை கேட்பார். நானும் சரி என்பேன். விற்காவிட்டால் நட்டம் கொஞ்சம்தான். இப்போது முதலாளி கையெழுத்துப் போடாத ஒரு பையும் பெட்டியில் ஏறுவதில்லை.