என்சுக்காவில் குடியேறப் போகிறவர்களுக்கு

என்சுக்காவில் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் டைல்ஸைக் காட்டுவார். நீங்கள் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியைப் பாருங்கள். நைஜீரியாவின் தென்கிழக்கில், எனுகு நகருக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தள்ளி, மணற்பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. பெய்கிற மழையெல்லாம் சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். நிலத்தடி நீர் வெகு ஆழத்தில் கிடக்கிறது. அதனால் வீட்டுக்கு வீடு போர் போட முடியாது. தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து, சிமென்ட்டில் கட்டிய நிலத்தடித் தொட்டியில் சேர்ப்பதுதான் இங்கே வழக்கம். அது தீர்ந்தால் லாரித் தண்ணீர்.

மழை ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியோடு வரும். கூரையெல்லாம் செம்மண் படிந்துவிடும். பருவத்தின் முதல் மழையைத் தொட்டியில் விட்டால் அடியில் சேறு தங்கி, மாதக்கணக்கில் தண்ணீர் கலங்கலாகவே வரும். முதல் இரண்டு மழைக்குக் குழாயை வெளியே திருப்பிவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 40 லிட்டர் என்றாலும் நாளைக்கு 160 லிட்டர். 2,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பன்னிரண்டு நாள்தான் தாங்கும். கோடையின் கடைசியில் லாரிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அலைவார்கள், விலையும் ஏறும். டேங்க் பாதியானதுமே சொல்லி வைப்பது நல்லது.

மேல் டேங்குக்கு ஏற்றும் பம்புக்குக் கரண்ட் வேண்டும். நேப்பா என்ற அரசு மின்சார நிறுவனம் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், கரண்ட் வந்தால் தெருப்பிள்ளைகள் “அப் நேப்பா!” என்றுதான் கத்துகிறார்கள். அந்தக் கூச்சல் கேட்டதும் முதல் வேலையாகப் பம்பைப் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மீட்டர் ப்ரீபெய்டு: பணம் கட்டினால் வரும் 20 இலக்க எண்ணை அதில் தட்ட வேண்டும். பிளக் சதுரமான மூன்று முள் உள்ளது, நம்மூர் உருண்டை முள் நுழையாது. வாடகை மாதக் கணக்கில் இல்லை. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கேட்பார்கள், அதற்கு மேல் தரகுக் கூலி, ஒப்பந்தக் கூலி என்று தனித்தனியாக வரும். கையில் இருப்பதையெல்லாம் வாடகைக்கே கொடுத்துவிடாதீர்கள்.

சந்தைக்கு ஓகிகே இருக்கிறது, தினமும் நடக்கும். ஆனால் விளைச்சல் நேராக வந்து இறங்குவது ஓர்பா, இபாக்வா போன்ற சுற்றூர்ச் சந்தைகளில். அவை எகே, ஓரியே, அஃபோர், இன்க்வோ என்ற நான்கு நாள் வாரப்படி கூடுகின்றன; இது இவ்வூர் இக்போ மக்களின் கணக்கு. இந்தத் திங்கள் ஓரியே என்றால் அடுத்தது வெள்ளி, அதற்கடுத்தது செவ்வாய். 28 நாளில் ஒரு சுற்று முடிந்து மறுபடி திங்களுக்கு வரும். காலண்டரில் நான்கு நாளின் பெயரையும் ஒரு மாதத்துக்குக் குறித்துவிட்டால் போதும், பிறகு அதுவே ஓடும். அரிசி, பயறு, ‘காரி’ என்ற மரவள்ளி மாவு எல்லாம் ‘கப்’ அல்லது ‘பெயின்ட்’ கணக்கு; பெயின்ட் என்றால் பழைய பெயின்ட் வாளி. வாளியின் அடி உள்ளே தள்ளி ஒடுங்கியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாம்பாருக்கு லாகோஸிலிருந்து பருப்பு வரவழைக்க வேண்டியதில்லை. இங்கே ‘ஃபியோஃபியோ’ என்று விற்பது துவரையேதான், தோலோடு முழுசாக. கல் பொறுக்கி, வண்டு பார்த்து, இரவு முழுக்க ஊறவைத்துக் குக்கரில் வைத்தால் நன்றாகக் குழையும். ஊறாமல் வைத்தால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். தோலின் துவர்ப்பு பிடிக்காதவர்கள் ஊறியதைக் கசக்கித் தோலைக் களைந்துவிடலாம். ஊர்க்காரர்கள் இதை உலர்த்திய சேம்போடு சேர்த்துப் பனையெண்ணெய் விட்டுச் சமைக்கிறார்கள். என்சுக்காவின் மஞ்சள் மிளகாய்க்கு நைஜீரியா முழுக்கப் பேர். அதன் வாசனைதான் உயிர், ஆகவே கடைசியில் கிள்ளிப் போடுங்கள்.

ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வருவது கோலாக் கொட்டை, நம்மூர் வெற்றிலைத் தட்டு மாதிரி. தட்டு கைமாறிச் சுற்றி வரும். வீட்டுப் பெரியவர் இக்போ மொழியில்தான் வேண்டுவார். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பது அவர்கள் வாக்கு. உடைப்பது ஆண்களின் வேலை. நாலு பிளவாக வந்தால் நாலு சந்தை நாளும் கூடியதாக மகிழ்வார்கள். வலக்கையால் வாங்குங்கள். கசக்கும், துப்பாதீர்கள்.

ஊரின் அடையாளம் 1960 அக்டோபரில் திறந்த நைஜீரியப் பல்கலைக்கழகம். பின்னாளில் நாட்டின் முதல் ஜனாதிபதியான நம்டி அசிகிவே நிறுவியது. 1967 ஜூலையில் பியாஃப்ரா உள்நாட்டுப் போர் தொடங்கியதுமே விழுந்த ஊர்களில் இது ஒன்று, பல்கலைக்கழகம் 1970 வரை மூடிக் கிடந்தது. பக்கத்தில் உள்ள லெஜ்ஜா கிராமத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடுக் கட்டிகள் நூற்றுக்கணக்கில் ஊர்ப் பொதுவெளியில் கிடக்கின்றன. கிராமத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஓமாபே விழாக் காலத்தில் முகமூடிகள் பிரம்போடு தெருவில் இறங்கும். பெண்கள் எந்த வழியில் போகக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பியாஃப்ரா தனிநாடு கேட்கும் இயக்கம் அறிவித்து 2021 ஆகஸ்டில் தொடங்கிய திங்கட்கிழமைக் கடையடைப்பு முடக்கம் இறுக்கமாகவும் தளர்வாகவும் மாறி மாறி வந்திருக்கிறது. வங்கி வேலையையும் எனுகு விமான நிலையப் பயணத்தையும் செவ்வாய்க்கே வைத்துக்கொள்ளுங்கள்.