834.7 நானோமீட்டர்: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மாலையில் வெற்றிடக் கலத்தின் கதவை மூடினோம். ஹால் உந்துபொறி, அதாவது மின்னூட்டிய வாயுவை வெளியே தள்ளிச் செயற்கைக்கோளை நகர்த்தும் பொறி, உள்ளே. ஒளியைச் சேகரிக்கும் லென்ஸ்களும் உள்ளே. இனி ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் கை வைக்க முடியாது. மூன்று முறை சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அங்கேயே நிற்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பொறி பற்றிக்கொண்டது. செனான் வாயுவின் நீல ஒளியைக் கண்ணாடி வழியே பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. 1971இல் சோவியத் மெட்டியோர் செயற்கைக்கோளில் விண்ணேறிய வகைப் பொறி இது.

300 வோல்ட்டில் ஒரு செனான் அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) நொடிக்கு 21 கிலோமீட்டர் வரை வேகம் பெறலாம். அதை எந்த இடத்தில் பெறுகிறது என்பதே என் கேள்வி. உலோக ஊசியை நீட்டி அளக்கலாம்தான். ஆனால் முடுக்கத்தின் பெரும்பகுதி பொறியின் வாயருகே மிகக் குறுகிய தூரத்தில் முடிந்துவிடுகிறது; அங்கே ஊசி நுழைந்தால் பிளாஸ்மாவே, அதாவது மின்னூட்டிய அந்த வாயுவே, தன் போக்கை மாற்றிக்கொள்ளும். லேசர் அப்படிக் கலைப்பதில்லை. 834.7 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உட்கொள்ளும் அயனி, 541.9 நானோமீட்டரில் பச்சை ஒளியை உமிழ்கிறது. லேசரை எதிர்கொண்டு விரையும் அயனிக்கு அலைநீளம் குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட லேசரைச் சற்று நீண்ட அலைநீளத்துக்கு நகர்த்த வேண்டும். நொடிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 0.056 நானோமீட்டர் நகர்த்தல். அந்த மயிரிழையில்தான் வேகம் எழுதப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

நாள் முழுதும் திரையில் வெறும் இரைச்சல்; அயனிகளின் ஒளி தெரியவே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காரணம் கிடைத்தது! பொறி குளிர்ந்திருந்தபோது ஒளிக்கதிரை ஒழுங்குபடுத்தினோம். ஓட ஓடச் சூடேறி உலோகம் விரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த புள்ளி விலகிவிட்டது. இரண்டு மணி நேரம் சூடேற விட்டு, மறுபடி ஒழுங்கு செய்தோம்.

அதோடு வேலை முடியவில்லை. பிளாஸ்மா தானாகவே அதே பச்சையில் ஒளிர்கிறது. நமக்கு வேண்டியது அதில் மிகச் சிறு பங்கு. சுழலும் துளைத்தகட்டால் லேசரை வெட்டி வெட்டி அனுப்பி, அந்தத் தாளத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் லாக்-இன் பெருக்கி என்ற மின்னணுக் கருவி பிரித்தெடுக்கிறது. இரவு பத்தரைக்குத் திரையில் அந்த ஒளியின் மேடு ஒன்று மெல்ல எழுந்தது. யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கலத்துக்குள் கூடுதலாகச் செனானைக் கசியவிட்டு அழுத்தத்தை உயர்த்தினோம். வாயருகே, அதே புள்ளியில், அயனிகள் முன்னைவிட வேகமாக வந்தன. முடுக்கம் நடக்கும் இடம் உள்நோக்கி நகர்ந்துவிட்டது என்று பொருள். எந்தப் பம்பும் விண்வெளியின் வெறுமையைத் தரையில் தராது. அப்படியானால் அங்கே அந்த இடம் இன்னும் வெளியே தள்ளி இருக்கும். அயனிகள் மோதிப் பொறியின் சுவர் தேய்வதும் இங்கே பார்ப்பதிலிருந்து மாறும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய பொறிக்கு இது சிறு விஷயமல்ல. தரை அளவீட்டை அப்படியே விண்ணுக்கு ஏற்றிச் சொல்வதை இனி நான் ஏற்க மாட்டேன்.

நாளை அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஐந்து இடங்களில் மீண்டும் அளக்கிறோம்.